ஈ. கோலை உட்சவ்வில் ஒரு புரதம் பதிந்ததா, எந்தப் பக்கம் பார்த்துப் பதிந்தது: சோதித்து முடிவுசெய்ய முழு வழிகாட்டி

மரபணுவைப் பிளாஸ்மிட்டில் ஏற்றியாயிற்று, புரதம் தயாராயிற்று, செல்லை உடைத்து வேகமாகச் சுழற்றியாயிற்று. குழாயின் அடியில் படிந்த பெல்லட்டில் புரதத்தின் பட்டை தெரிந்ததும் "சவ்வில் பதிந்துவிட்டது" என்று குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். பெல்லட்டில் இருப்பது வேறு, சவ்வோடு ஒட்டியிருப்பது வேறு, சவ்வை ஊடுருவி நிற்பது வேறு.

எனவே நான்கு கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள். புரதம் சவ்வோடு இருக்கிறதா? சவ்வுக்குள் பதிந்திருக்கிறதா? எந்த முனை எந்தப் பக்கம்? அதைப் பதித்தது எந்த இயந்திரம்? முந்தைய கேள்விக்கு விடை வராமல் அடுத்ததற்குப் போனால், பின்னால் கிடைக்கும் எண்களை வைத்து எதுவும் சொல்லமுடியாது. திரண்டுபோன புரதத்துக்குத் திசை என்று ஒன்று கிடையாது. ஆனால் அதை அளந்தாலும் ஏதோ ஒரு எண் வந்துவிடும்.

இங்கே சொல்லியிருப்பது ஈ. கோலை பாக்டீரியாவின் இரண்டு சவ்வுகளில் உட்சவ்வில் பதியும் சுருள் வகைப் புரதங்களுக்கு மட்டும். வெளிச்சவ்வின் பீட்டா பீப்பாய்ப் புரதங்கள் போகும் வழியே வேறு.

1. பாதையை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

பின்னால் வரும் ஒவ்வொரு கன்ட்ரோலும் இந்தப் பாதையின் ஏதோ ஒரு கட்டத்தைத்தான் சோதிக்கிறது. பாதை தெரியாமல் செய்முறையை மட்டும் பின்பற்றினால், எது ஏன் தோற்றது என்று பிடிபடாது.

ரைபோசோமின் வெளியேறு சுரங்கத்துக்குள் சுமார் 30 முதல் 40 அமினோ அமிலம் மறைந்திருக்கும். முதல் நீர்வெறுப்புச் சுருள் சுரங்கத்தின் வாய்க்கு வந்ததும் எஸ்ஆர்பி என்ற அடையாளம் காணும் துகள் அதைப் பிடித்துக்கொள்கிறது. ஈ. கோலையின் எஸ்ஆர்பி மிகச் சிறியது. எஃப்எஃப்எச் என்ற ஒரு புரதமும் 4.5எஸ் ஆர்என்ஏ என்ற ஒரு ஆர்என்ஏவும் சேர்ந்தது, அவ்வளவுதான். சவ்வருகே எஃப்டிஎஸ்-ஒய் என்ற ஏற்பி இருக்கிறது. எஃப்எஃப்எச், எஃப்டிஎஸ்-ஒய் இரண்டும் ஜிடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை உடைத்துக்கொண்டு பிரியும்போது, ரைபோசோம் செக்-ஒய்இஜி வாசலில் உட்கார்ந்திருக்கும். செக்-ஒய், செக்-இ, செக்-ஜி என்ற மூன்று புரதங்கள் சேர்ந்த, சவ்விலுள்ள வாசல் அது.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், நீர்வெறுப்புச் சுருள் சைட்டோபிளாசத்தில் துணையில்லாமல் நின்றால் மற்ற சுருள்களோடு ஒட்டித் திரண்டுவிடும். அதனால்தான் உட்சவ்வுப் புரதங்களில் பெரும்பாலானவை தயாராகிக்கொண்டிருக்கும்போதே சவ்வுக்குக் கொண்டுபோகப்படுகின்றன.

செக்-ஒய்யில் 10 சுருள்கள். நடுவே மணற்கடிகாரம் போல இடுங்கிய துளை. இடுங்கிய இடத்தில் ஒரு நீர்வெறுப்பு வளையம். சும்மா இருக்கும்போது துளையை அடைத்துக்கொள்ள ஒரு குட்டிச் சுருள். இதோடு பக்கவாட்டில், 2ஆம் சுருளுக்கும் 7ஆம் சுருளுக்கும் நடுவே, ஒரு கதவும் உண்டு. வெளியே போகவேண்டிய பகுதி துளை வழியாக நேரே பெரிப்பிளாசத்துக்கு, அதாவது இரண்டு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட வெளிக்கு, போகும். சவ்வில் தங்கவேண்டிய சுருள் பக்கக் கதவு வழியாகக் கொழுப்புக்குள் நழுவிவிடும். எந்தச் சுருள் நழுவும் என்பதை முக்கியமாக அதன் நீர்வெறுப்பே முடிவுசெய்கிறது. லியூசின், ஐசோலியூசின், வாலின், ஃபினைல்அலனின் நிறைந்திருந்தால் எளிதாக நழுவும். நட்டநடுவில் ஒரு அஸ்பார்ட்டேட்டோ லைசினோ இருந்தால் தயங்கும்.

கதவுக்குப் பக்கத்திலேயே யிட்-சி என்ற இன்னொரு சவ்வுப் புரதம் இருக்கிறது. செக்-ஒய்யிலிருந்து நழுவிவரும் சுருள்களை வாங்கிச் சேர்த்துவைப்பது அதன் ஒரு வேலை. செக் உதவியே இல்லாமல் சில சிறிய புரதங்களைத் தானாகப் பதிப்பது இன்னொரு வேலை. எம்13 ஃபாஜின் மேலுறைப் புரதம், ஏடிபி சிந்தேஸின் சி அலகு போன்றவை இந்த இரண்டாம் வழியில் போகின்றன. யிட்-சிக்குத் துளை கிடையாது. சைட்டோபிளாசப் பக்கமும் கொழுப்புப் பக்கமும் திறந்த, நீர் விரும்பும் பள்ளம்தான் உண்டு. ஆகவே நீண்ட பெரிப்பிளாச வளையத்தை அதால் தனியாகக் கடத்தமுடியாது.

நீண்ட வளையத்துக்குச் செக்-ஏ என்ற மோட்டார் புரதம் வேண்டும். அது ஏடிபியைச் செலவழித்துச் சங்கிலியைத் துளை வழியாகத் தள்ளும். வளையம் சுமார் 60 அமினோ அமிலத்தைத் தாண்டினால் செக்-ஏவை எதிர்பார்க்கலாம். இது கறாரான கோடு அல்ல, தோராயமான எல்லை.

கடைசியாகத் திசை. லைசின், அர்ஜினின் நிறைந்த வளையங்கள் சைட்டோபிளாசப் பக்கமே தங்கும். நேர்மின்னூட்டம் உள்ளே என்ற இந்த விதியை 1986இல் குன்னர் ஃபான் ஹைனே வரிசைகளை எண்ணிப் பார்த்துச் சொன்னார். 1989இல் லெப்-பி என்ற இரண்டு சுருள் புரதத்தின் மின்னூட்டங்களை இடம் மாற்றி, புரதத்தையே தலைகீழாகப் பதியவைத்தும் காட்டினார். வழிகாட்டி முழுக்க இந்த விதி திரும்பத் திரும்ப வரும்.

2. வரிசையைப் படித்து, கணிப்பை எழுதிவையுங்கள்

ஆய்வகத்துக்குள் போகும் முன்பே, எத்தனை சுருள், எந்த முனை எங்கே என்ற கணிப்பைத் தேதி போட்டு எழுதிவையுங்கள். முடிவுகள் வந்த பிறகு கணித்தால், வந்ததற்கு ஏற்றபடிதான் மனம் கணிக்கும்.

சவ்வின் நீர்வெறுப்பு நடுப்பகுதியின் தடிமன் சுமார் 30 ஆங்ஸ்ட்ராம். சுருளில் ஒரு அமினோ அமிலத்துக்கு 1.5 ஆங்ஸ்ட்ராம் உயரம். ஆகவே கடக்கச் சுமார் 20 அமினோ அமிலம் வேண்டும். டிஎம்ஹெச்எம்எம், டாப்கான்ஸ், ஃபோபியஸ் போன்ற மென்பொருள்கள் இதையும் மின்னூட்ட விதியையும் சேர்த்துத்தான் கணிக்கின்றன. ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றில் போட்டுப் பாருங்கள். அவை ஒத்துப்போகாத சுருள் எதுவோ, சோதனையில் உங்கள் கவனம் அங்கேதான் இருக்கவேண்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, புரதத்தை வெளியே அனுப்பும் முன்முனைத் துண்டான சிக்னல் பெப்டைடைச் சவ்வுச் சுருளாக எண்ணிவிடுவது. இரண்டும் நீர்வெறுப்புத் துண்டுகள்தான் என்பதால் பழைய மென்பொருள்கள் குழம்பும். சிக்னல்பி என்ற மென்பொருளில் தனியாகப் பாருங்கள். வெட்டுப்படும் சிக்னல் என்றால், மேலே சொன்ன லெப்-பி அதை வெட்டிவிடும்; அந்தப் புரதத்தின் வேலையே அதுதான். மீதிப் புரதம் சவ்விலேயே இல்லாமலும் போகலாம். வெட்டுமிடத்தில் சிஸ்டெயின் இருந்து, அதற்கு முன் லியூசினில் தொடங்கும் லிப்போ பெட்டி இருந்தால், அது லிப்போபுரதம். கொழுப்பு வால்தான் அதைச் சவ்வில் பிடித்துவைத்திருக்கும். அது சுருளால் பதியவில்லை. தொடக்கத்தில் இரட்டை அர்ஜினின் அடையாளம் இருந்தால், செக் அல்லாத இன்னொரு கடத்தும் வழியான டாட் பாதையையும் கணக்கில் எடுங்கள்.

பிறகு ஒவ்வொரு வளையத்திலும் உள்ள லைசின், அர்ஜினின் எண்ணிக்கையைக் கையால் எண்ணுங்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எண்ணிக்கை கிட்டத்தட்ட சமமாக இருந்தால் எச்சரிக்கை. எம்ஆர்-இ என்ற 110 அமினோ அமிலப் புரதம் இப்படிப்பட்டதுதான்: இரண்டு திசையிலும் பதியும். அதன் கடைசி நுனியில் ஒரே ஒரு நேர்மின்னூட்டத்தைச் சேர்த்தால்கூடச் சமநிலை ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

3. கையில் இருக்கவேண்டியவை

ஆன்டிபாடி அடையாளம் காணும் சிறு துண்டான அடையாள வாலைப் (டேக்) புரதத்தின் கடைசி முனையில் வையுங்கள். முன் முனையில் வைத்தால் எஸ்ஆர்பி முதல் சுருளைப் பிடிப்பதற்குள் வால் வெளியே வந்து மடிந்து, சுருள் பதிவதையே மாற்றிவிடலாம். கடைசி முனையில் இருந்தால், வால் தெரிகிறது என்றாலே முழு நீளமும் தயாராகிவிட்டது என்ற உறுதியும் கிடைக்கும். இணைப்புப் பகுதியில் லைசின், அர்ஜினின் வேண்டாம். எம்ஆர்-இ கதை நினைவிருக்கட்டும். கிளைசினும் செரினும் போதும்.

உங்கள் புரதத்துக்கு ஒரு ஆன்டிபாடி மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கவே தொடங்காதீர்கள். குறைந்தது நான்கு கன்ட்ரோல் புரதங்களுக்கும் ஆன்டிபாடி வேண்டும். உட்சவ்வில் பதிந்ததற்கு லெப்-பி அல்லது செக்-ஒய். வெளிச்சவ்வுக்கு ஓம்ப்-ஏ. சைட்டோபிளாசத்துக்கு குரோ-இஎல். சவ்வோடு ஒட்டிமட்டும் நிற்பதற்கு ஏடிபி சிந்தேஸின் எஃப்1 பகுதியிலிருந்து பீட்டா அலகு. ஒட்டி நிற்கும் புரதமாகச் செக்-ஏவைப் பலர் வைப்பார்கள். அதன் ஒரு பகுதி கொழுப்போடு பிடிவாதமாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் விடை குழம்பும்.

மற்றபடி அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ், செல் உடைக்க ஃபிரெஞ்ச் பிரஸ் அல்லது சோனிகேட்டர், புரதத்தை வெட்டும் நொதிகளை (புரோட்டியேஸ்) முடக்க, புதிதாகக் கரைத்த பிஎம்எஸ்எஃப். பிஎம்எஸ்எஃப் நீரில் சீக்கிரம் சிதையும், காரத்தன்மை கூடினால் இன்னும் வேகமாக. ஐசோபுரோபனாலில் கரைத்துவைத்து, தேவைப்படும் கணத்தில்தான் சேர்க்கவேண்டும்.

4. செல்லை அவசரப்படுத்தாமல் தயாரிக்கவிடுங்கள்

கரையும் புரதங்களில் பழகிய கை இங்கேயும் 37 டிகிரி, புரதத் தயாரிப்பைத் தூண்ட 1 மில்லிமோலார் ஐபிடிஜி என்று தொடங்கும். பிஎல்21(டிஇ3) செல்லில் டி7 ஆர்என்ஏ பாலிமரேஸ் அசுர வேகத்தில் ஓடும். ஆனால் செக்-ஒய்இஜி வாசல்களின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு. வாசல் கொள்ளாத அளவுக்குப் புரதம் வந்தால் மிச்சம் திரளும். அதோடு செல்லின் சொந்தப் புரதங்களும் உள்ளே சிக்கிக்கொள்ளும்.

எனவே சி41(டிஇ3), சி43(டிஇ3) அல்லது லெமோ21(டிஇ3) செல்களை எடுங்கள். முதல் இரண்டில் டி7 பாலிமரேஸின் புரோமோட்டர் பலவீனமாகிவிட்டது. லெமோ21இல் ரம்னோஸ் சேர்த்து வேகத்தை நீங்களே குறைத்துக்கொள்ளலாம். முந்தைய இரவுக் கல்ச்சரில் கொஞ்சம் குளுக்கோஸ் சேர்த்தால் நேரத்துக்கு முன்பே கசிவது குறையும்.

600 நானோமீட்டரில் அடர்த்தி 0.4 முதல் 0.5 வந்ததும் வெப்பநிலையை 20 முதல் 25 டிகிரிக்கு இறக்குங்கள். கல்ச்சர் உண்மையிலேயே குளிர்ந்த பிறகு 0.1 மில்லிமோலார் ஐபிடிஜி சேருங்கள். இன்குபேட்டரின் திரையில் 20 என்று வந்தவுடனேயே சேர்த்துவிடுகிறார்கள். குடுவைக்குள் இருக்கும் திரவம் அப்போதும் சூடாகத்தான் இருக்கும்.

அளவு மீறிவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, மொத்தச் செல்லை ஓம்ப்-ஏ ஆன்டிபாடியால் பார்ப்பது. ஓம்ப்-ஏ பட்டைக்குச் சற்று மேலே இன்னொரு பட்டை தெரிந்தால், அது சிக்னல் பெப்டைட் வெட்டுப்படாத முன்வடிவம். செக் வாசல் நிரம்பி வழிகிறது என்று பொருள். அந்தக் கல்ச்சரைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஐபிடிஜியைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள். மேலே போக எவ்வளவு ஆசையாக இருந்தாலும் இந்தக் கல்ச்சரில் தொடராதீர்கள்.

5. உடைத்துப் பிரித்தல்

எல்லாம் பனிக்கட்டியில். செல்களை 50 மில்லிமோலார் டிரிஸ் பஃபரில் கரைத்து, பிஎம்எஸ்எஃப், டிஎன்ஏஸ், கொஞ்சம் மெக்னீசியம் சேர்த்து உடையுங்கள். சோனிகேட்டர் என்றால் சிறு சிறு துடிப்பாக, நடுவே ஓய்வு கொடுத்து. நுரை வந்தால் முனையைச் சற்று ஆழத்தில் இறக்குங்கள். நுரையும் சூடும் புரதத்தைக் கெடுத்து, இல்லாத திரட்சியை உருவாக்கும்.

முதலில் 10,000 ஜி-யில் 20 நிமிடம். இந்தப் பெல்லட்டில் உடையாத செல்களும் இன்க்ளூஷன் பாடி எனப்படும் திரட்சிகளும் இருக்கும். இதிலிருந்து ஒரு மாதிரியைக் கட்டாயம் எடுத்துவையுங்கள். பலரும் இதைக் கொட்டிவிடுகிறார்கள். உங்கள் புரதத்தில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது என்றால், பின்னால் சவ்வில் தெரியும் மெல்லிய பட்டையை நம்பலாமா என்பதே கேள்வியாகிவிடும்.

மேலே நிற்கும் திரவத்தை 100,000 ஜி-க்கு மேல் 1 மணி நேரம் சுழற்றுங்கள். பெல்லட்டில் சவ்வு, மேலே சைட்டோபிளாசமும் பெரிப்பிளாசமும். சவ்வுப் பெல்லட் பழுப்பு நிறத்தில், ஓரளவு ஒளி ஊடுருவும்படி இருக்கும். நடுவில் வெள்ளையாக, தனியாக ஒரு பொட்டு தெரிந்தால் திரட்சி கலந்திருக்கிறது.

குரோ-இஎல் மேல் திரவத்திலும் லெப்-பி பெல்லட்டிலும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வரவில்லை என்றால் செல் சரியாக உடையவில்லை. அடுத்த படிக்குப் போவதில் பயனில்லை.

உட்சவ்வையும் வெளிச்சவ்வையும் பிரிக்க சுக்ரோஸ் கிரேடியன்ட் போடலாம். உட்சவ்வின் அடர்த்தி மில்லிலிட்டருக்குச் சுமார் 1.15 கிராம், வெளிச்சவ்வு சுமார் 1.22. திரட்சிகள் பெரும்பாலும் வெளிச்சவ்வோடோ அதற்கும் கீழேயோ போய் நிற்கும். உங்கள் உட்சவ்வுப் புரதம் வெளிச்சவ்வுப் பகுதியில் தெரிந்தால், புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்கும் முன் திரட்சியைச் சந்தேகியுங்கள்.

6. பதிந்ததா, ஒட்டியதா?

இந்த வேலையின் மையம் இதுதான். இங்கே கூடுதலாக ஒரு நாள் செலவானாலும் பரவாயில்லை.

சவ்வுப் பெல்லட்டை 0.1 மோலார் சோடியம் கார்பனேட்டில், பிஎச் 11.5இல் கரைத்துப் பனிக்கட்டியில் 30 நிமிடம் வையுங்கள். பிறகு மறுபடி 100,000 ஜி-யில் 1 மணி நேரம். இந்தக் காரத்தில் சவ்வுப் பைகள் திறந்து தகடுகளாகிவிடும். பைக்குள் மாட்டியிருந்தவை வெளியே வரும். மின்னூட்டத்தால் ஒட்டியிருந்த புரதங்கள் கழன்று மேல் திரவத்துக்கு வரும். கொழுப்புக்குள் சுருளாக நிற்பவை பெல்லட்டிலேயே தங்கும்.

பிஎச்சைக் கரைசல் தயாரிக்கும்போது மட்டும் பார்த்தால் போதாது. சவ்வைச் சேர்த்த பிறகும் ஒரு சொட்டு எடுத்துத் தாளில் பாருங்கள். சவ்வோடு வந்த டிரிஸ் பிஎச்சை இழுத்துவிடும். அதைத் தவிர்க்க, சவ்வு அளவைக் குறைத்துக் கார்பனேட்டைத் தாராளமாகச் சேருங்கள். பீட்டா அலகு மேலே வந்து, லெப்-பி கீழே தங்கினால் கழுவல் சரியாக நடந்திருக்கிறது.

இப்போது நிறையப் பேர் தவறவிடும் விஷயம். திரண்ட புரதமும் கார்பனேட்டில் பெல்லட்டிலேயே தங்கும். கார்பனேட் கழுவல் ஒட்டியதையும் பதிந்ததையும்தான் பிரிக்கும். பதிந்ததையும் திரண்டதையும் பிரிக்காது. அதற்கு மிதக்கவிடும் சோதனை வேண்டும். மாதிரியை அடர்த்தியான சுக்ரோஸில் கலந்து குழாயின் அடியில் வையுங்கள். மேலே குறைந்த அடர்த்தியுள்ள சுக்ரோஸ் அடுக்குகளை ஊற்றி, இரவு முழுக்கச் சுழற்றுங்கள். கொழுப்போடு இருப்பது மேலே மிதந்து வரும். திரட்சி அடியிலேயே கிடக்கும். லெப்-பி மிதந்த அடுக்கிலேயே உங்கள் புரதமும் மிதந்தால் நம்பிக்கை வரும்.

நேரமில்லை என்றால், சவ்வை 1 சதவீத டிடிஎம் டிடர்ஜன்டில் கரைத்து மறுபடி சுழற்றுங்கள். நன்றாக மடிந்து பதிந்த புரதம் பெரும்பாலும் கரைந்து மேலே வரும், திரட்சி வராது. மிதவைச் சோதனை அளவுக்கு இது உறுதியானதல்ல. ஆனால் எதுவுமே செய்யாமல் விடுவதைவிட எவ்வளவோ மேல்.

7. ஜெல்லில் ஏற்றும் முன்

மாதிரியைக் கொதிக்கவைக்காதீர்கள். 95 டிகிரியில் பல சவ்வுப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஜெல்லின் வாயிலேயே தங்கிவிடும். "புரதமே தயாராகவில்லை" என்று நினைத்து வேலையைக் கைவிட்டவர்களில் சிலரது புரதம் ஜெல் கிணற்றிலேயே நின்றிருக்கிறது. 37 டிகிரியில் அரை மணி நேரம் போதும். அடுக்கு ஜெல்லையும் வெட்டி எறியாமல் பிளாட்டில் சேர்த்து மாற்றுங்கள். கிணற்றில் ஏதாவது நின்றிருந்தால் தெரிந்துவிடும்.

எடை கணக்கிட்டதைவிடக் குறைவாகத் தெரிந்தாலும் பதறவேண்டாம். நீர்வெறுப்புப் புரதங்கள் எஸ்டிஎஸ் ஜெல்லில் அடிக்கடி வேகமாக ஓடும்.

8. எந்தப் பக்கம்: ஃபோ-ஏ, ஜிஎஃப்பி

பதிந்தது என்று உறுதியான பிறகுதான் இங்கே வரவேண்டும்.

ஃபோ-ஏ எனப்படும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் பெரிப்பிளாசத்தில் மட்டுமே வேலைசெய்யும். அதற்குத் தேவையான டைசல்ஃபைட் பிணைப்புகள் சைட்டோபிளாசத்தில் உருவாகாது. பச்சையாக ஒளிரும் புரதமான ஜிஎஃப்பி இதற்கு நேர்மாறு: செக் வழியாக வெளியே போனால் ஒளிராது. ஆகவே ஒரே புரதத்தின் ஒரே இடத்தில் இரண்டையும் தனித்தனியாக இணைத்துப் பார்த்தால், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கவேண்டும். 2005இல் ஈ. கோலையின் 601 உட்சவ்வுப் புரதங்களுக்கு இந்த முறையில்தான் கடைசி முனை எந்தப் பக்கம் என்று தீர்மானித்தார்கள். ஒன்றை மட்டும் செய்தால், குறைந்த எண் வரும்போது அது தவறான பக்கமா, புரதம் குறைவாகத் தயாரானதா என்று சொல்லமுடியாது.

ஃபோ-ஏவை அதன் சொந்தச் சிக்னல் பெப்டைட் இல்லாமல் இணைக்கவேண்டும். சிக்னல் இருந்தால் அது தானே வெளியே போய்விடும். உங்கள் புரதத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. செல்லிலும் சொந்த ஃபோ-ஏ இருக்கக்கூடாது. சிசி118 போன்ற ஃபோ-ஏ நீக்கிய ரகம் வேண்டும்.

ஜிஎஃப்பியில் சூப்பர்ஃபோல்டர் வகையை எடுக்கவே வேண்டாம். அது பெரிப்பிளாசத்திலும் மடிந்து ஒளிரக்கூடியது. ஆய்வகத்தில் கைக்குக் கிடைத்த பிளாஸ்மிட்டை எடுத்து வேலையை ஆரம்பித்துவிட்டு, இரண்டு அளவையும் ஒன்றாக ஏறுகிறதே என்று திகைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது "எந்த ஜிஎஃப்பி?" என்பதைத்தான்.

எங்கே இணைப்பது? கடைசி முனையில் இணைப்பதுதான் பாதுகாப்பு, புரதம் முழுமையாக இருக்கும். நடு வளையங்களைப் பார்க்கப் புரதத்தை இடையில் வெட்டி இணைக்கவேண்டியிருக்கும். அப்போது வளையத்தின் தொடக்கத்தில் வெட்டாமல் அதன் கடைசிப் பகுதியில் வெட்டுங்கள். ஒரு சைட்டோபிளாச வளையம் 20 அமினோ அமிலம் நீளம், அதன் லைசின்களும் அர்ஜினின்களும் 12ஆம் இடத்துக்குப் பிறகுதான் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். 4ஆம் இடத்தில் வெட்டி ஃபோ-ஏவை ஒட்டினால், அந்த வளையத்தை உள்ளே பிடித்துவைத்திருந்த மின்னூட்டங்களே போய்விடும். ஃபோ-ஏ வெளியே கசியும். சைட்டோபிளாச வளையம் பெரிப்பிளாசத்தில் இருப்பதாகத் தெரியும். 18ஆம் இடத்தில் வெட்டினால் இந்தச் சிக்கல் வராது.

அளக்கும்போது: செல்களைச் சேகரித்த உடனே பஃபரில் 1 மில்லிமோலார் அயோடோஅசிட்டமைட் சேருங்கள். செல் உடைந்ததும் சைட்டோபிளாசத்திலிருந்த ஃபோ-ஏ காற்றுப்பட்டுப் பிணைப்புகளை உருவாக்கி வேலைசெய்ய ஆரம்பித்துவிடும். அயோடோஅசிட்டமைட் சிஸ்டெயின்களை மூடி அதைத் தடுக்கும். இதை விட்டுவிட்டால் எல்லாப் புரதமும் வெளியே இருப்பது போலத் தோன்றும்.

எண்களைச் செல் அடர்த்திக்கு மட்டும் சரிசெய்தால் போதாது. வெஸ்டர்ன் பிளாட்டில் இணைப்புப் புரதத்தின் அளவையும் பார்த்து வகுத்துக்கொள்ளுங்கள். ஜிஎஃப்பி மாதிரியைக் கொதிக்கவைக்காமல் ஜெல்லில் ஓட்டி, ஜெல்லிலேயே ஒளியைப் பார்க்கலாம். பிறகு அதே மாதிரியைப் பிளாட்டில் பார்த்தால் சில சமயம் இரண்டு பட்டை தெரியும். ஒளிரும் பட்டை கீழே ஓடும், அது மடிந்தது. ஒளிராத பட்டை மேலே நிற்கும், அது திரண்டது. ஒரே பிளாட்டில் எவ்வளவு மடிந்தது, எவ்வளவு திரண்டது என்ற கணக்கு கிடைத்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த கன்ட்ரோல் இதுதான்.

9. புரோட்டியேஸால் உறுதிசெய்யுங்கள்

இணைப்பு எதுவும் இல்லாத புரதத்தில் அதே விடை வருகிறதா என்று பார்க்கவேண்டும். ஒட்டிய புரதமே திசையை மாற்றியிருக்கலாம் அல்லவா?

செல்களை சுக்ரோஸ் கலந்த, பிஎச் 8 டிரிஸ் பஃபரில் எடுத்து, 1 மில்லிமோலார் இடிடிஏவும் லைசோசைமும் சேர்த்துப் பனிக்கட்டியில் 15 நிமிடம் வையுங்கள். வெளிச்சவ்வு திறந்து ஸ்பீரோபிளாஸ்ட் கிடைக்கும். உட்சவ்வு மூடியே இருக்கும். பிறகு மெக்னீசியம் சேர்த்தால் அது உறுதியாக நிற்கும். இங்கே வேகமாகக் கலக்குவது, நுண்குழாயால் உறிஞ்சி உறிஞ்சி விடுவது எதுவும் கூடாது. உட்சவ்வு கிழிந்தால் சோதனை முடிந்தது.

இனி புரோட்டினேஸ் கே என்ற புரோட்டியேஸைச் சேருங்கள். பெரிப்பிளாசப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதை அது தின்றுவிடும். உள்ளே இருப்பது தப்பிக்கும். நான்கு குழாய்கள் அவசியம்: முழுச் செல்லும் புரோட்டியேஸும், ஸ்பீரோபிளாஸ்ட் மட்டும், ஸ்பீரோபிளாஸ்ட்டும் புரோட்டியேஸும், டிரைட்டான் என்ற டிடர்ஜன்டால் உடைத்ததும் புரோட்டியேஸும்.

ஓம்ப்-ஏவின் ஒரு பகுதி பெரிப்பிளாசத்தில் தொங்கும். முழுச் செல்லில் அது அப்படியே இருந்து, ஸ்பீரோபிளாஸ்ட்டில் சிறிய துண்டானால் வெளிச்சவ்வு திறந்திருக்கிறது. குரோ-இஎல் கடைசிக் குழாயைத் தவிர மற்றதில் குறையாமல் இருந்தால் உட்சவ்வு கிழியவில்லை. டிரைட்டான் குழாயிலும் உங்கள் புரதம் வெட்டுப்படவில்லை என்றால் அது இயல்பிலேயே புரோட்டியேஸைத் தாங்குகிறது. வெட்டுப்படாததை வைத்து "உள்ளே இருக்கிறது" என்று அப்போது சொல்லமுடியாது.

நிறுத்துவதில் கவனம். புரோட்டினேஸ் கே எஸ்டிஎஸ்ஸிலும் வேலைசெய்யும். சாம்பிள் பஃபரைச் சேர்த்தால் நின்றுவிடும் என்று நினைத்தால், சவ்வு கரைந்து எல்லாம் திறந்துகிடக்கும் நேரத்தில் அது எல்லாவற்றையும் தின்றுவிடும். முதலில் பிஎம்எஸ்எஃப், உடனே டிசிஏ என்ற அமிலத்தால் வீழ்படிவு, அசிட்டோனில் கழுவல், அதன் பிறகே சாம்பிள் பஃபர்.

குட்டி வளையங்களைப் புரோட்டியேஸ் எட்டாது. அங்கே ஒரே ஒரு சிஸ்டெயினை வைத்து, சவ்வைக் கடக்கமுடியாத, சிஸ்டெயினோடு பிணையும் ஏஎம்எஸ் போன்ற மாலிமைடால் தொடமுடிகிறதா என்று பாருங்கள். புரதத்தின் சொந்தச் சிஸ்டெயின்களை முன்பே நீக்கியிருக்கவேண்டும்.

10. பதித்தது யார்?

இது கடைசிக் கேள்வி, எல்லோருக்கும் தேவைப்படாது. தேவைப்பட்டால், அரபினோஸ் இருந்தால் மட்டுமே யிட்-சியையோ எஃப்எஃப்எச்சையோ செக்-இயையோ தயாரிக்கும் ரகங்களை எடுத்து, அரபினோஸை நன்றாகக் கழுவிவிட்டுக் குளுக்கோஸில் வளர்க்கவேண்டும். பழைய புரதம் சில தலைமுறைகளில் பிரிந்து பிரிந்துதான் குறையும். போதுமான அளவு குறைந்ததா என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவுசெய்யாமல் பிளாட்டைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். யிட்-சி குறைந்த செல்லில் பிஎஸ்பி-ஏ என்ற அழுத்தப் புரதம் ஏறும். அதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

வரிசை இங்கே உயிர்நாடி. உங்கள் புரதத்தை, இயந்திரம் குறைந்த பிறகே தூண்டவேண்டும். முன்பே தூண்டினால், இயந்திரம் இருந்தபோது பதிந்த பழைய புரதம்தான் பிளாட்டில் தெரியும். கதிரியக்க மெத்தியோனினால் சிறிது நேரம் மட்டும் குறியிட்டு, அப்போது பிறந்த புரதத்தை மட்டும் பார்ப்பது இன்னும் தெளிவானது.

செக்-ஏ தேவையா என்று அறியச் சோடியம் அசைடு. சில மில்லிமோலார் அளவே அதை முடக்கிவிடும். அசைடு நச்சு, அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். ஆகவே அடுத்துவரும் டிசிஏ படியை ஃபியூம் ஹூடில்தான் செய்யவேண்டும், கழிவை உலோகக் குழாயில் ஊற்றக்கூடாது. சவ்வின் மின்னழுத்தம் தேவையா என்று அறிய, அதைக் கலைத்துவிடும் சிசிசிபி.

முடிவைப் படிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. யிட்-சி குறைந்தால் ஏடிபி சிந்தேஸும் சைட்டோக்ரோம் ஆக்சிடேஸும் சரியாக உருவாகாது, சவ்வின் மின்னழுத்தமும் இறங்கும். மின்னழுத்தத்தை மட்டும் நம்பியிருக்கும் புரதமும் அப்போது பதியாது. யிட்-சி நேரடியாகத் தேவை என்று அறிவிக்கும் முன், செக் வழியில் போகும் ஒரு புரதம் அதே செல்லில் நன்றாகப் பதிகிறது என்று காட்டுங்கள். முடிந்தால் யிட்-சியை மட்டும் சேர்த்த லிப்போசோமில் (செயற்கைக் கொழுப்புப் பையில்) உங்கள் புரதம் பதிகிறதா என்றும் பாருங்கள்.

11. விடைகள் முரண்பட்டால்

ஃபோ-ஏ, ஜிஎஃப்பி இரண்டும் குறைவு என்றால் புரதம் சிதைகிறது. துணை கிடைக்காத சவ்வுப் புரதங்களை எஃப்டிஎஸ்-எச் என்ற புரோட்டியேஸ் வெட்டிப்போடும். புரதம் ஒரு கூட்டணியின் அலகு என்றால் அதன் துணையையும் சேர்த்துத் தயாரித்துப் பாருங்கள்.

இரண்டும் அதிகம் என்றால் முதலில் ஜிஎஃப்பி வகையையும் அயோடோஅசிட்டமைட்டையும் சரிபாருங்கள். அவை சரியாக இருந்தால் இரட்டைத் திசையைச் சந்தேகிக்கலாம். 2ஆம் படியில் எழுதிய மின்னூட்டக் கணக்கை எடுத்துப் பாருங்கள். ஒரு வளையத்தில் ஒரு லைசினைச் சேர்த்தும் நீக்கியும், அளவைகள் எதிர்பார்த்த பக்கம் சாய்கின்றனவா என்று சோதியுங்கள். சாய்ந்தால் இரட்டைத் திசை உண்மை. சாயவில்லை என்றால் 6ஆம் படிக்குத் திரும்புங்கள். நீங்கள் அளந்துகொண்டிருப்பது பெரும்பாலும் திரட்சியாக இருக்கும்.

ஃபோ-ஏவும் புரோட்டியேஸும் எதிரெதிராகச் சொன்னால், டிரைட்டான் குழாய் ஒழுங்காக இருக்கும்பட்சத்தில் நான் புரோட்டியேஸையே நம்புவேன். அது முழுப் புரதத்தில், வெட்டும் ஒட்டும் இல்லாமல் கிடைத்த விடை.